பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதவருக்குப் பாதுகாப்பான ஆன்டிபயாட்டிக்கைத் தேர்ந்தெடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

‘பெனிசிலின் அலர்ஜி’ என்று நோயாளியின் சீட்டில் ஒருமுறை சிவப்பு மையில் எழுதிவிட்டால், அவர் பிறகு எந்த மருத்துவமனைக்குப் போனாலும் அந்த இரண்டு சொற்கள் கூடவே போகின்றன. அதை எழுதியவர் யார், என்ன நடந்ததால் எழுதினார் என்று அடுத்த மருத்துவர் பெரும்பாலும் கேட்பதில்லை. மேலை நாடுகளில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் மீது இந்தக் குறிப்பு இருக்கிறது. அவர்களை முறையாகச் சோதித்துப் பார்த்தால் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் எந்தத் தொல்லையும் இல்லாமல் பெனிசிலினைத் தாங்கிக்கொள்கிறார்கள். எஞ்சிய சிலருக்கோ ஒரே ஒரு மாத்திரை உயிருக்கு ஆபத்தாகலாம். ஆகவே மாற்று மருந்தைத் தேடுவதற்கு முன்பே, இந்த இரு சாராரில் நம் முன் உட்கார்ந்திருப்பவர் யார் என்று பிரித்தறிய வேண்டியிருக்கிறது.

பிரித்தறியாமல் எல்லோருக்கும் வேறு மருந்து எழுதிவிட்டால் என்ன கெட்டுவிடும் என்று சிலர் கேட்கலாம். பிரிட்டனின் நோயாளிப் பதிவேடுகளைக் கொண்டு செய்யப்பட்டு 2018இல் வெளியான ஓர் ஆய்வில், பெனிசிலின் அலர்ஜி என்ற குறிப்பு உள்ளவர்களுக்கு எம்.ஆர்.எஸ்.ஏ. என்னும் மருந்துக்கு அடங்காத கிருமித்தொற்று ஏற்படும் வாய்ப்பு 69 சதவீதமும், குடலைப் புண்ணாக்கும் கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் தொற்றின் வாய்ப்பு 26 சதவீதமும் கூடுதலாக இருந்தன. பரந்த வீச்சுள்ள மாற்று மருந்துகளை அவர்கள் அதிகமாகப் பெற்றதே இதற்குப் பெரும்பகுதி காரணம்.

மதுரை நகரத்திலும் உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம், வாடிப்பட்டி வட்டாரங்களிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சிறு மருத்துவமனைகளிலும் பணிபுரியும் இளம் மருத்துவர்கள், செவிலியர்கள், மருந்தாளுநர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். நோயாளிகளும் படிக்கலாம், ஆனால் மருந்தை நிறுத்துவதும் மாற்றுவதும் மருத்துவரைக் கேட்டே நடக்க வேண்டும்.

முதல் படி: நடந்ததை முழுமையாகக் கேட்டறிதல்

பாதுகாப்பான தேர்வின் பெரும்பகுதி இந்தப் படியிலேயே முடிந்துவிடுகிறது. ஐந்து நிமிடம் உட்கார்ந்து கேட்டால் போதும். எந்த மருந்து, எத்தனை ஆண்டுகளுக்கு முன்பு, மருந்து உள்ளே போய் எவ்வளவு நேரத்தில், உடம்பில் என்னென்ன ஏற்பட்டது, அதற்கு என்ன சிகிச்சை தந்தார்கள், அதன் பிறகு அதே வகை மருந்தை எப்போதாவது சாப்பிட்டதுண்டா என்ற ஆறு கேள்விகளை ஒன்றுவிடாமல் கேட்க வேண்டும்.

நம் பக்கத்தில் “எனக்கு ஊசி ஒத்துக்காது சார்” என்று பொதுவாகச் சொல்வார்களே தவிர, மருந்தின் பெயர் தெரிந்திருக்காது. பழைய சீட்டையும் மாத்திரை அட்டையையும் வீட்டிலிருந்து எடுத்துவரச் சொல்லலாம். முடியாவிட்டால் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பச் சொல்லலாம். ‘ஊசி போட்டதும் கண்ணு இருட்டி விழுந்துட்டேன்’ என்பவர்களை மிகக் கவனமாக விசாரிக்க வேண்டும். ‘பெனிடியூர்’ எனப்படும் பென்ஸத்தீன் பெனிசிலின் ஊசி கடுமையான வலி தருவது. அந்த வலியாலும் அச்சத்தாலும் வரும் மயக்கத்தில் முகம் வெளிறும், வியர்க்கும், நாடித்துடிப்பு குறையும், படுக்கவைத்த சில நிமிடங்களில் தெளிந்துவிடும். உண்மையான ஒவ்வாமை அதிர்ச்சியில் நாடி வேகமெடுக்கும். பெரும்பாலும் உடம்பில் தடிப்பும் அரிப்பும் கூடவே வரும். குரல் கம்மலாம், மூச்சு இழுக்கலாம், வாந்தி வரலாம். படுக்கவைத்ததும் தானாகச் சரியாகாது. “தடிப்பு வந்துச்சாம்மா? உதடு, கண்ணு வீங்குச்சா? மூச்சு விடச் சிரமமா இருந்துச்சா?” என்று ஒவ்வொன்றாகக் கேட்டால்தான் விடை கிடைக்கும்.

வயிற்றுப்போக்கு, குமட்டல், வாய்ப்புண் ஆகியவை பக்க விளைவுகள். அவை ஒவ்வாமை அல்ல. ‘எங்க அப்பாவுக்குச் சேராது, அதனால எனக்கும் வேண்டாம்’ என்பதும் ஒவ்வாமைக்குச் சான்றாகாது. சிறு வயதில் காய்ச்சலோடு அம்பிசிலின் அல்லது அமாக்ஸிசிலின் கொடுத்தபோது மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ மேலெல்லாம் சிவந்த பொரி வந்திருந்தால், அந்தக் காய்ச்சலைத் தந்த வைரஸே காரணமாக இருந்திருக்க வாய்ப்பு அதிகம். எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்றோடு இந்த மருந்துகளைக் கொடுத்தால் பொரி வருவது நெடுநாளாக அறியப்பட்ட ஒன்று.

கடைசிக் கேள்விதான் பல நேரங்களில் முடிச்சை அவிழ்க்கிறது. பெனிசிலின் ஆகாது என்று உறுதியாகச் சொல்லும் ஒருவர், போன வருடம் பல் பிடுங்கியபோது ‘ஆக்மென்டின்’ ஐந்து நாள் சாப்பிட்டதாகவும் ஒன்றும் ஆகவில்லை என்றும் அடுத்த மூச்சிலேயே சொல்வார். ஆக்மென்டினும் ‘கிளாவம்’மும் அமாக்ஸிசிலின் கலந்தவை, ‘மாக்ஸ்’, ‘நோவாமாக்ஸ்’ ஆகியவை அமாக்ஸிசிலினேதான், ‘மெகாபென்’னில் அம்பிசிலினும் கிளாக்சசிலினும் உள்ளன, ஊசியாகப் போடும் பிப்பரசிலின்-டாஸோபேக்டமும் இதே குடும்பம். பிந்தைய முறை பிரச்சினையின்றிச் சாப்பிட்ட மருந்தைத் தேதியோடு குறித்துவைத்தால், பழைய குறிப்பை நீக்குவதற்கு அதுவே வலுவான ஆதாரம்.

இரண்டாம் படி: ஆபத்தின் அளவை மதிப்பிடுதல்

கேட்டறிந்ததை வைத்து நோயாளியை நான்கு பிரிவுகளில் ஒன்றில் சேர்க்கலாம். ஒவ்வாமையே இல்லாதவர்கள் முதல் பிரிவினர். அவர்களுக்குப் பெனிசிலினைத் தாராளமாகத் தரலாம். பல ஆண்டுகளுக்கு முன்பு வெறும் பொரியோ லேசான அரிப்போ வந்தவர்கள் இரண்டாம் பிரிவினர். மருந்து சென்ற ஒரு மணி நேரத்துக்குள், அரிதாக ஆறு மணி நேரத்துக்குள், உடல் முழுதும் தடிப்பு, முக வீக்கம், மூச்சுத்திணறல், இரத்த அழுத்தச் சரிவு ஏற்பட்டவர்கள் மூன்றாம் பிரிவினர். நான்காம் பிரிவினருக்கு நாட்கள் அல்லது வாரங்கள் கழித்துத் தோல் கொப்புளித்து உரிந்திருக்கும், வாயும் கண்ணும் புண்ணாகியிருக்கும், அல்லது பொரியோடு காய்ச்சல், நெறிகட்டு, கல்லீரல் பாதிப்பு எல்லாம் சேர்ந்து வந்திருக்கும். ஸ்டீவன்ஸ்-ஜான்சன், டிரெஸ் போன்ற பெயர்களில் அறியப்படும் இந்த நான்காம் பிரிவினருக்கு எந்தச் சோதனைக்காகவும் பெனிசிலினை மீண்டும் தரக் கூடாது. மருந்தால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்கள், இரத்த அணுக்கள் சிதைந்தவர்கள் ஆகியோரையும் இவர்களோடு சேர்த்தே எண்ண வேண்டும்.

இந்த மதிப்பீட்டை எளிதாக்க ஆஸ்திரேலிய மருத்துவர்கள் 2020இல் வெளியிட்ட ‘பென்-ஃபாஸ்ட்’ மதிப்பெண் முறை பெரியவர்களுக்கு மிகவும் பயன்படுகிறது. ஒவ்வாமை ஏற்பட்டு ஐந்து ஆண்டுகளுக்குள் என்றால் 2. ஒவ்வாமை அதிர்ச்சி, முக வீக்கம் அல்லது கடுமையான தோல் பாதிப்பு இருந்திருந்தால் 2. சிகிச்சை தேவைப்பட்டிருந்தால், அல்லது அது தெரியவில்லை என்றாலும், 1. கூட்டுத்தொகை மூன்றுக்குக் கீழ் இருந்தால் உண்மையான ஒவ்வாமைக்கான வாய்ப்பு 5 சதவீதத்துக்கும் குறைவு. பூஜ்யம் என்றால் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. காலம் செல்லச் செல்ல ஒவ்வாமை தானே மங்குவதும் இதில் அடங்கியிருக்கிறது: உடனடி வகை ஒவ்வாமை இருந்தவர்களில் சுமார் 80 சதவீதத்தினர் பத்து ஆண்டுகளில் அதை இழந்துவிடுகிறார்கள்.

‘டெஸ்ட் டோஸ்’ பற்றி

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது. நம் ஊர் வார்டுகளில் எந்த ஆன்டிபயாட்டிக் ஊசிக்கும் முன்னால், மருந்தைச் சிறிது கரைத்து முன்கையில் தோலுக்குள் ஏற்றி, பேனாவால் வட்டமிட்டு, சிறிது நேரம் கழித்துப் பார்க்கும் வழக்கம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. பெனிசிலினுக்கான முறையான தோல் பரிசோதனைக்குப் பெனிசிலாயில்-பாலிலைசின் போன்ற சிறப்புக் கரைசல்கள், அளவிட்ட செறிவு, ஒப்பீட்டுக்கு ஹிஸ்டமின், உப்புநீர் ஆகியவை வேண்டும். அந்தச் சிறப்புக் கரைசல்கள் நம் நாட்டில் எளிதில் கிடைப்பதில்லை. வார்டில் போடும் டெஸ்ட் டோஸில் இவை எதுவும் இல்லை. கரைசல் செறிவாக இருந்தால் ஒவ்வாமையே இல்லாதவருக்கும் தோல் சிவக்கும்; அவர் மீது வாழ்நாள் குறிப்பு விழுந்துவிடும். உண்மையான ஒவ்வாமை உள்ளவருக்குத் தோல் சிவக்காமலும் போகலாம். முழு அளவு ஏறும்போது அவர் சரிந்து விழலாம். கடும் ஒவ்வாமை உள்ளவருக்கு அந்தத் துளி மருந்தே போதும் என்பதையும் மறக்கக் கூடாது.

ஆகவே ‘டெஸ்ட் டோஸ் நெகட்டிவ்’ என்ற குறிப்பை வைத்து, அதிர்ச்சி கண்டவருக்குப் பெனிசிலின் கொடுக்காதீர்கள். ‘டெஸ்ட் டோஸ் பாசிட்டிவ்’ என்பதை மட்டும் வைத்து ஒருவரை ஒவ்வாமையாளர் என்று முத்திரை குத்தாதீர்கள். அந்த வட்டத்தைக் காட்டிலும், முதல் படியில் கேட்ட ஆறு கேள்விகளுக்கும் ஒவ்வாமை அதிர்ச்சிக்கான முதல் மருந்தாகத் தட்டில் தயாராக இருக்கும் அட்ரினலினுக்கும் மதிப்பு அதிகம்.

மூன்றாம் படி: ஆபத்து குறைந்தவருக்கு வாய்வழிச் சோதனை

பென்-ஃபாஸ்ட் மதிப்பெண் மூன்றுக்குக் கீழ் உள்ள பெரியவர்களுக்கு, தோல் பரிசோதனை இல்லாமலே வாய்வழியாக ஒரு வேளை மருந்து கொடுத்துக் கவனிக்கலாம் என்பதை 2023இல் வெளியான ‘பேலஸ்’ ஆய்வு உறுதிப்படுத்தியது. வழக்கமாக அமாக்ஸிசிலின் 250 அல்லது 500 மில்லிகிராம் கொடுத்து, குறைந்தது ஒரு மணி நேரம் அங்கேயே உட்காரவைத்து நாடி, இரத்த அழுத்தம், தோல், மூச்சு ஆகியவற்றைப் பார்க்கிறார்கள். நோயாளியின் ஒப்புதல், அட்ரினலின், ஆக்சிஜன், அவற்றைக் கையாளத் தெரிந்த மருத்துவர் ஆகிய நான்கும் இருக்கும் இடத்தில் மட்டுமே இதைச் செய்ய வேண்டும். அரசு இராசாசி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைகளுக்கு அனுப்பிச் செய்துகொள்வது நல்லது. கட்டுக்குள் இல்லாத ஆஸ்துமா உள்ளவருக்கும், கடும் நோயில் இருப்பவருக்கும் அப்போது செய்ய வேண்டாம். வீட்டில் ஒரு மாத்திரை போட்டுப் பார்ப்பதோ மெடிக்கல் கடையில் நின்று முயன்று பார்ப்பதோ ஒருபோதும் கூடாது.

நான்காம் படி: பெனிசிலினைத் தவிர்த்தே ஆக வேண்டியவருக்கு எந்தக் குடும்பம்?

பெனிசிலினுக்கு நெருங்கிய உறவான செஃபலோஸ்போரின் வகை ஆன்டிபயாட்டிக்குகளைக் கண்டு நம்மில் பலர் தேவைக்கு மேல் அஞ்சுகிறோம். பெனிசிலின் ஆகாதவர்களில் பத்து சதவீதத்தினருக்கு இவையும் ஆகாது என்று பழைய பாடநூல்களில் படித்தோம். அது, ஆரம்பகாலச் செஃபலோஸ்போரின்களில் பெனிசிலின் துகள்கள் கலந்திருந்த காலத்துக் கணக்கு. இன்றைய மதிப்பீடு ஏறத்தாழ 2 சதவீதம். அதுவும் எல்லா மருந்துக்கும் ஒன்றுபோல் அல்ல. மருந்து மூலக்கூறின் மையத்தோடு ஒட்டியிருக்கும் கிளைப்பகுதியான பக்கச் சங்கிலி ஒத்திருந்தால்தான் ஒவ்வாமை தாவுகிறது. அமாக்ஸிசிலின் அல்லது அம்பிசிலினால் உடனடி ஒவ்வாமை கண்டவருக்குச் செஃபலெக்சின், செஃபாட்ராக்சில், செஃபாக்லர், செஃப்ப்ரோசில் ஆகிய நான்கும் வேண்டாம். அவற்றின் பக்கச் சங்கிலி அதேபோன்றது. செஃப்ட்ரியாக்ஸோன், செஃபோடாக்ஸிம், செஃபிக்சிம், செஃபுராக்ஸிம் ஆகியவற்றின் சங்கிலி வேறு. செஃபஸோலினின் சங்கிலியோ வேறெதையும் ஒத்ததல்ல. ஒவ்வாமை அதிர்ச்சி கண்டவருக்கும் இந்த வேறுபட்ட சங்கிலியுடையவற்றைக் கண்காணிப்போடு கொடுக்கலாம் என்பதே இன்றைய வழிகாட்டுதல். நான்காம் பிரிவினருக்கு மட்டும் இந்தச் சலுகை இல்லை.

மெரோபெனம் போன்ற கார்பாபெனம்களோடு குறுக்கு ஒவ்வாமை, அதாவது பெனிசிலின் ஆகாதவருக்கு இவையும் ஆகாமல் போவது, ஒரு சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் பாதுகாப்பானது என்பதற்காக அதைச் சாதாரணத் தொற்றுக்கு எடுத்துவிடக் கூடாது. மருந்துக்கு அடங்காத கிருமிகளுக்கு நம்மிடம் மிச்சமிருக்கும் சிலவற்றுள் அது ஒன்று. அஸ்ட்ரியோனத்துக்குப் பெனிசிலினோடு தொடர்பில்லை. செஃப்டாஸிடிம் ஆகாதவருக்கு மட்டும் அதைத் தவிர்க்க வேண்டும். அசித்ரோமைசின், டாக்ஸிசைக்ளின், கிளிண்டாமைசின், மெட்ரோனிடசோல், கோ-ட்ரைமாக்ஸசோல், ஜென்டாமைசின், வான்கோமைசின், ஃப்ளூரோகுயினோலோன்கள் ஆகியவை முற்றிலும் வேறு குடும்பங்கள்.

ஐந்தாம் படி: நோய்க்கு ஏற்ற தேர்வு

முதலில், ஆன்டிபயாட்டிக் வேண்டுமா என்று கேளுங்கள். சளியோடும் இருமலோடும் வரும் தொண்டை வலி பெரும்பாலும் வைரஸால் வருவது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டைப்புண் என்று உறுதியானால் அசித்ரோமைசின் அல்லது கிளிண்டாமைசின் போதும். பழைய ஒவ்வாமை லேசான தாமதப் பொரி மட்டுமே என்றால் செஃபலெக்சினும் தரலாம். பல் சீழுக்குச் சீழை வெளியேற்றுவதே முதன்மைச் சிகிச்சை. மருந்து தேவைப்பட்டால் அசித்ரோமைசின் அல்லது மெட்ரோனிடசோல். கிளிண்டாமைசினும் உதவும், ஆனால் கடும் வயிற்றுப்போக்கு வந்தால் உடனே நிறுத்த வேண்டும் என்று சொல்லி அனுப்புங்கள்.

நாய் கடித்து வருபவருக்கு வழக்கமாக எழுதும் அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட்டுக்குப் பதிலாக டாக்ஸிசைக்ளினும் மெட்ரோனிடசோலும் சேர்த்துத் தரலாம். காயத்தைச் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் நீரில் கழுவுவதும், ரேபிஸ் தடுப்பூசியும், தேவையான டெட்டனஸ் ஊசியும் ஆன்டிபயாட்டிக்கைவிட முக்கியம். தை மாதத்தில் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூரிலிருந்து கொம்பு குத்திய காயத்தோடு வருபவர்களிடம், அவசரத்துக்கு நடுவிலும் ஒவ்வாமை பற்றிய கேள்வியைக் கேட்டுவிட வேண்டும். சற்று நேரத்தில் மயக்க மருந்து கொடுத்துவிட்டால் அவர்களால் பதில் சொல்ல இயலாது. உடன்வந்தவரிடமும் கேட்டுக் குறித்துவையுங்கள்.

மழைக்காலக் காய்ச்சல்களில் பெனிசிலின் ஒவ்வாமை ஒரு தடையே அல்ல. உண்ணிக் காய்ச்சலுக்கு டாக்ஸிசைக்ளினும் அசித்ரோமைசினுமே மருந்து; பெனிசிலின் அங்கே வேலை செய்யாது. அக்குளிலும் இடுப்பு மடிப்பிலும் கருகிய சிறு புண் இருக்கிறதா என்று துணியை விலக்கிப் பாருங்கள். வயலில் இறங்கியவருக்கு வரும் எலிக் காய்ச்சல் லேசாக இருந்தால் டாக்ஸிசைக்ளின், கடுமையாக இருந்தால் செஃப்ட்ரியாக்ஸோன். டைபாய்டுக்கு அசித்ரோமைசின் அல்லது செஃப்ட்ரியாக்ஸோன். சிப்ரோஃப்ளாக்சசினுக்கு நம் நாட்டு டைபாய்டுக் கிருமி பெருமளவு பழகிவிட்டது.

நுரையீரல் தொற்றுக்கு லெவோஃப்ளாக்சசினை எழுதும் முன் ஒரு கணம் யோசிக்க வேண்டும். அது காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் உள்ளவருக்குச் சளிப் பரிசோதனை செய்யாமல் அதைக் கொடுத்தால் காசநோய் கண்டறியப்படுவது தாமதமாகும்.

சிறுநீர்த் தொற்றுக்கு நைட்ரோஃபுரான்டாயினும் ஃபாஸ்ஃபோமைசினும் நல்ல தேர்வுகள். சிறுநீரகம் செயலிழந்தவருக்கும், பேறுகாலம் நெருங்கியவருக்கும் முன்னது வேண்டாம். வயிற்றுப்புண்ணை உண்டாக்கும் ஹெச். பைலோரி கிருமிக்குத் தரும் ‘ஹெச். பைலோரி கிட்’டுக்குள் அமாக்ஸிசிலின் இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. பிஸ்மத், டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல் ஆகியவற்றோடு அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை சேர்ந்த முறையைக் கேட்டு வாங்க வேண்டும்.

கண்புரை அறுவைக்குச் செல்பவர்களின் அச்சத்தையும் போக்கலாம். மதுரையில் 1976இல் தொடங்கப்பட்ட அரவிந்த் கண் மருத்துவமனைக் குழுமம், அறுவையின் முடிவில் கண்ணுக்குள் மாக்ஸிஃப்ளாக்சசின் செலுத்தும் முறையை ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகளில் ஆராய்ந்து, உட்கண் தொற்று வெகுவாகக் குறைந்ததை 2017இல் வெளியிட்டது. இந்த மருந்துக்கும் பெனிசிலினுக்கும் உறவில்லை. மற்ற அறுவைகளுக்கு முன்னால் தரும் செஃபஸோலினையும், பெனிசிலின் குறிப்பைப் பார்த்ததுமே தள்ளிவிட வேண்டியதில்லை.

பெனிசிலினுக்கு ஈடே இல்லாத இரண்டு இடங்கள்

வாதக் காய்ச்சலால் இதய வால்வு பழுதடைந்தவர் மூன்று வாரத்துக்கு ஒருமுறை 12 லட்சம் யூனிட் பென்ஸத்தீன் பெனிசிலின் போட்டுக்கொள்ள வேண்டும். எடை குறைந்த சிறுவர்களுக்கு அதில் பாதி. உண்மையான ஒவ்வாமை இருந்தால் எரித்ரோமைசின் 250 மில்லிகிராம் தினமும் இரு வேளை தரலாம். ஆனால் ஆண்டுக்கணக்கில் வேளை தவறாமல் மாத்திரை விழுங்குவது கடினம் என்பதால் பாதுகாப்பு குறைந்துவிடுகிறது. ஊசி போட்ட மயக்கத்தை அலர்ஜி என்று தவறாக எழுதி ஒரு பள்ளிச் சிறுமியின் ஊசியை நிறுத்துவது, அவளுடைய வால்வை மீண்டும் ஆபத்தில் தள்ளுவதாகும். வால்வு மிகக் கடுமையாகப் பழுதடைந்தவர்களுக்கோ ஊசியின் வலி தரும் அதிர்ச்சியையே இதயம் தாங்காமல் போகலாம். அவர்களுக்கு வாய்வழி மருந்து பொருந்துமா என்று இதய மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

கருவுற்ற தாய்க்குச் சிபிலிஸ் இருந்தால், கருவிலுள்ள குழந்தையையும் காக்கும் நம்பகமான மருந்து பெனிசிலின் ஒன்றே. கருவுறாதவருக்கு டாக்ஸிசைக்ளின் உண்டு, இவருக்கு இல்லை. ஆகவே உண்மையான உடனடி ஒவ்வாமை உள்ள தாய்க்கு, தீவிர சிகிச்சை வசதியுள்ள இடத்தில் மிகச் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றி உடலைப் பழக்கும் முறையைக் கையாளுகிறார்கள். அந்தப் பழக்கம் தற்காலிகமானது. மருந்தை இடைவெளி விட்டால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டாம், மூன்றாம் பிரிவினருக்கே இது பொருந்தும்; தோல் உரிந்தவருக்கு இதைச் செய்யக் கூடாது.

எதிர்பாராமல் ஒவ்வாமை அதிர்ச்சி வந்தால்

மருந்தை நிறுத்துங்கள். பெரியவருக்கு அட்ரினலின் 0.5 மில்லிகிராம், அதாவது ஒரு மில்லி ஆம்பியூலில் பாதி, தொடையின் வெளிப்புறத் தசையில் உடனே போடுங்கள். குழந்தைக்குக் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். தட்டையாகப் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுத்திணறினால் சாய்த்து உட்காரவைக்கலாம். எழுந்து நடக்க விடாதீர்கள். ஐந்து நிமிடத்தில் முன்னேற்றம் இல்லையென்றால் அதே அளவை மீண்டும் போடுங்கள். ஆக்சிஜனும் வேகமான சலைனும் கூடவே போகட்டும். 108ஐ அழைக்க ஒருவரை நியமியுங்கள். ‘ஏவில்’, ‘டெக்ஸா’, ஹைட்ரோகார்ட்டிசோன் ஆகியவற்றை முதலில் போட்டுவிட்டு அட்ரினலினுக்குக் காத்திருப்பதுதான் உயிரிழப்புக்கு வழிவகுக்கிறது. தெளிந்த பிறகும் சில மணி நேரம் கண்காணிப்பில் வைத்திருங்கள். அறிகுறிகள் திரும்ப வரக்கூடும்.

ஆறாம் படி: எழுதிவைத்தல்

‘பெனிசிலின் அலர்ஜி’ என்ற இரண்டு சொற்களோடு நிறுத்தாமல், ‘2025 ஆகஸ்டில் அமாக்ஸிசிலின் 500 மாத்திரை, இருபது நிமிடத்தில் உடல் முழுதும் தடிப்பு, உதடு வீக்கம், அட்ரினலின் தரப்பட்டது, செஃப்ட்ரியாக்ஸோன் பின்னர் பிரச்சினையின்றி ஏற்றப்பட்டது’ என்பதுபோல் முழு விவரமும் எழுதுங்கள். இதே வரியைத் தமிழில் ஒரு சிறு அட்டையில் எழுதி, சட்டைப்பையிலோ ஆதார் அட்டையோடோ வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். குடும்பத்தார், மெடிக்கல் கடையில் மருந்து வாங்கும் ஒவ்வொரு முறையும் அந்த அட்டையைக் காட்டிவிட்டு, “இதுல பெனிசிலின் வகை ஏதும் இருக்கா?” என்று கேட்க வேண்டும், மருந்தாளுநர் வணிகப் பெயரோடு நிற்காமல் அட்டையின் பின்புறமுள்ள மூலப்பொருளைப் படித்துச் சொல்ல வேண்டும்.

சோதனையில் ஒவ்வாமை இல்லை என்று தெரிந்தால், அதையும் அதே அழுத்தத்தோடு எழுதுங்கள்: பழைய குறிப்பை அடித்து, தேதியும் கையொப்பமும் இட்டு, ‘அமாக்ஸிசிலின் கொடுத்துப் பார்க்கப்பட்டது, பெனிசிலின் வகை மருந்துகள் தரலாம்’ என்று வெளியேற்றச் சீட்டிலும் குடும்ப மருத்துவருக்கான கடிதத்திலும் பதியுங்கள். புதிதாக ஏற்பட்ட கடும் ஒவ்வாமையை இந்திய மருந்து விழிப்புணர்வுத் திட்டத்தின் 1800-180-3024 என்ற கட்டணமில்லாத எண்ணில் மருத்துவரும், செவிலியரும், நோயாளியுமே தெரிவிக்கலாம்.